நாலு தறி ஓட்டிய நாள்

மாடத்தி செத்து நாற்பது நாள் ஆகப்போகிறது. மேலநீலிதநல்லூரில் அதை அறியாத ஆள் கிடையாது. சங்கரன்கோவிலிலும் தெரிய வேண்டியவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. தறி ஷெட்டு முதலாளி கோமதிநாயகத்துக்குத் தெரியும், நூலைத் தாராகச் சுற்றுகிற பிச்சம்மாளுக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். மாடத்தியின் கடைசி மகன் காசிக்கு மட்டும் தெரியாது. அவனுக்குக் காது கேட்காது என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் காசியின் காதைக் கொண்டுபோய்விட்டது. பாளையங்கோட்டையில் செவிடர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தான். எழுதப் படிக்க வந்தது. பஸ் போர்டு படிப்பான், சினிமா போஸ்டர் படிப்பான், கடையில் மடித்துக்கொடுத்த காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பேப்பரையும் படிப்பான். இருபது வயதில் தறிக்கு வந்தான். ஏழு வருஷமாக அங்கேதான் வேலை, ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில்தான் படுக்கை.

விசைத்தறி ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவன் ஒரு வாரம் முழிப்பான். காசி ஒரு நாள்கூட முழிக்கவில்லை. மற்றவர்களுக்கு நாற்பது சைகை தெரிந்தால் அவனுக்கு நானூறு தெரியும். ஷெட்டுக்குள் அவன்தான் வாயாடி. முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருகிற நடையை அவன் இரண்டு விரலில் நடந்து காட்டினால், பிச்சம்மாள் தாரைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். கரண்டு போனால்தான் காசி செவிடன். தறி நின்றதும் எல்லார் கையும் இறங்கிவிடும், வாய் திறந்துகொள்ளும். அந்த ஒரு மணி நேரமும் அவன் மூலையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான். அப்போதும் ராஜதுரை மட்டும் வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையால் பேசுவான்.

ராஜதுரை அடுத்த தறிக்காரன். காசியின் பாஷையை முழுசாகக் கற்றுக்கொண்ட ஒரே ஆள். ரேஷன் கடையில், தபால் ஆபீஸில், ஒரு தடவை பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, காசிக்கு வாய் வேண்டிய இடத்திலெல்லாம் ராஜதுரைதான் வாய். பெண் அமையவில்லை. அதற்கு ராஜதுரைதான் இவனைவிட அதிகமாக வருத்தப்பட்டான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் மாடத்தி வருவாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கோமதி அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் எடுத்துக்கொண்டு ஷெட்டு வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசலை ஒட்டி இருக்கிற டியூப்லைட் சுவிட்சை இரண்டு தடவை தட்டுவாள். லைட் அணைந்து எரிந்தால் அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். காசி வெளியே வந்ததும் மண்ணை எச்சிலில் குழைத்து அவன் காதுக்குப் பின்னால் தடவுவாள். இருபத்து நாலு வருஷமாகத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மனுக்கும் இரக்கம் வரவில்லை, இவளுக்கும் அலுக்கவில்லை. அவள் தலை மறைகிறவரை பொறுத்திருந்துவிட்டு, காசி குழாயடியில் கழுவிவிடுவான்.

புறப்படும்போது ஒரு பேச்சு எப்போதும் உண்டு. மாடத்தி தன் நெஞ்சைத் தொடுவாள், அவனைக் காட்டுவாள், பிறகு பத்து விரலையும் மேல்நோக்கி நெளியவிடுவாள். எனக்கு நீதான் தீ வைக்கணும். அவர்கள் பக்கத்து வழக்கம் அது: அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன். அப்பாவுக்கு அண்ணன் வெள்ளத்துரை கொள்ளி வைத்தாயிற்று. அம்மா காசியின் பங்கு. அவள் அந்த விரலை நெளியவிடும்போதெல்லாம் அவன் கோபமாகக் கையைத் தட்டிவிடுவான். அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பாள்.

வைகாசி இரண்டாம் வாரம், புதன்கிழமை விடியற்காலையில், தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த மாடத்தி அப்படியே விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. வெள்ளத்துரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினான். தம்பி வேலை பார்க்கிற ஊருக்கு மட்டும் அவனே வந்தான். வந்தவன் ஷெட்டுக்குள் போகாமல் டீக்கடையில் நின்றுகொண்டு ராஜதுரையைக் கூப்பிட்டுவிட்டான்.

"அம்மா போயிட்டா, ராஜதுரை. இவன்ட்ட மட்டும் சொல்லிராத."

"என்ன அண்ணாச்சி பேசுதீய? பெத்த தாய்லா."

"எங்க அய்யா செத்தன்னைக்கி இவன் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. பாடையப் புடிச்சவன நாலு பேரு பிரிச்சி எடுத்தோம். மூணு நாளு வலிப்பு. இன்னொரு தடவ அப்படி வந்தா ஆளு மிஞ்ச மாட்டான்." வெள்ளத்துரை டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தான். பிறகு இன்னொன்றையும் சொன்னான். "அவன் வந்தா அவந்தான் கொள்ளி வைக்கணும். வாய் பேசாதவன் கையில கொள்ளியக் குடுத்தா அவ கரை ஏற மாட்டான்னு ஊர்ல பெரியாளுக சொல்லுதாவ. பொணத்தப் போட்டுக்கிட்டு நான் யார் கூட மல்லுக்கு நிக்க?"

முதலில் சொன்னது பாசம். இரண்டாவது சொன்னது ஊருக்குப் பயம். இரண்டையும் ஒரே துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தான், ராஜதுரையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். உள்ளே வந்து காசியிடம், 'நாடா வாங்க ராஜபாளையம் போறேன், தறியப் பாத்துக்கிடு' என்று கையால் சொன்னான். நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் இங்குமங்கும் ஓடுகிற கட்டை. காசி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அன்று காசி நாலு தறி ஓட்டினான். தன்னுடையது இரண்டு, ராஜதுரையுடையது இரண்டு. ஒன்றில் தார் மாற்றுவதற்குள் இன்னொன்றில் இழை அறுந்தது. மத்தியானச் சோற்றைத் தொடவில்லை, மூத்திரம் பெய்யக்கூட வெளியே போகவில்லை. சாயங்காலம் ராஜதுரை ஈரத் தலையோடும் ஈரத் துண்டோடும் வந்து நின்றான். 'நாடா வாங்கப் போனியா, நீச்சலடிக்கப் போனியா?' என்று காசி கிண்டல் பண்ணினான். ராஜதுரை சிரிக்கவில்லை. நாடா கிடைக்கவில்லை என்று கையை விரித்தான். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் வருவார்கள் என்பது காசிக்கும் தெரியும். அதை இதோடு சேர்த்துப் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்தா? நாலு தறி ஓட்டிய கை கடுத்தது. கோமதிநாயகம் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் அப்போது தெரிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை லைட் அணைந்து எரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் எரியவில்லை. மூன்றாவது வாரம் காசி ஊருக்கே போனான். வெள்ளத்துரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். துண்டுக்குக் கீழே மொட்டை, மீசையும் இல்லை. திருச்செந்தூருக்கு நேர்த்திக்கடன் என்று கையைக் கூப்பிக் காட்டினான். அம்மா எங்கே என்றதற்குச் சிவகிரிப் பக்கம் கையை நீட்டினான். சிவகிரியில் அக்கா வள்ளித்தாயின் வீடு. காசி வீட்டுக்குள் பார்த்தான். அம்மாவின் வெற்றிலைப் பெட்டி மூலையில் இருந்தது. அது இல்லாமல் அவள் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள்.

சிவகிரிக்குப் போனான். வள்ளித்தாய் அவனைப் பார்த்ததும் அடுப்படிக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்றாள். அம்மா வாசுதேவநல்லூருக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். வாசுதேவநல்லூரில் சித்தி, அம்மா ஊருக்கே போய்விட்டாள் என்றாள். பொய் சொல்ல நினைக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அந்தத் துப்பும் இல்லை.

காசி மறுபடி ஊருக்குப் போனான். மறுபடி சிவகிரி. மறுபடி வாசுதேவநல்லூர். தூக்கம் போயிற்று. டீக்கடையில் அவன் போய் நின்றால் ஆடிக்கொண்டிருந்த உதடுகள் நின்றன. ஷெட்டில் அவன் திரும்பினால் பேசிக்கொண்டிருந்த கைகள் இடுப்புக்கு இறங்கின. கரண்டு போன நேரங்களில் எல்லார் கண்ணும் அவன் பக்கம் வந்து வந்து போயிற்று. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. பட்டது சரிதான். ஒரு நாள் டீக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கி, மூக்கின் பக்கத்தில் விரலை வைத்து வைத்துக் கேட்டான். அம்மாவுக்கு அவன் வைத்திருந்த பெயர் அது, அவளுடைய மூக்குத்தி. டீக்கடைக்காரர் அதைக் கண்டாரா? ஊமையனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அன்றைக்கே ஊர் முடிவு பண்ணிவிட்டது.

அப்போது சங்கரன்கோவிலில் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் மனநல முகாம் நடக்கும். யாரோ நாலு நல்ல மனிதர்கள் சேர்ந்து, வெளியூரிலிருந்து டாக்டரை வரவழைத்து நடத்தினார்கள். வெள்ளத்துரை சொல்லிவிட்டான், ராஜதுரை கூட்டிக்கொண்டு போனான். காசி சந்தோஷமாகவே போனான். டாக்டர் பெரிய படிப்புப் படித்தவர், அவர் கேட்டால் அண்ணன் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவனுக்கு நம்பிக்கை.

வாசலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மேஜை போட்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார், என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதினார், தகப்பனார் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்ல சார்."

"தாயார்?"

ராஜதுரை காசியைத் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் பேனாவை அட்டையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

"தவறிட்டாவ சார். நாப்பது நாளாச்சு."

எழுதுகிறவரிடம் பொய் சொல்ல அவனுக்குப் பயம். கூட்டாளியிடம் சொல்வதற்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

உள்ளே டாக்டர் சின்ன வயசுக்காரர். முகத்தில் நல்ல களை. வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். காசி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததை எல்லாம் கையில் எடுத்து வைத்தான். 'எங்க அம்மாவ எல்லாரும் சேந்து ஒளிச்சி வச்சிருக்காவ. அண்ணன், அக்கா, சித்தி எல்லாரும். கேட்டா ஆளுக்கொரு ஊரச் சொல்லுதாவ. வெத்தலப் பெட்டி வீட்லயே இருக்கு. எனக்குத் தூக்கம் வரல. நீங்க கேட்டா சொல்லுவாவ. கேளுங்க.'

"என்ன சொல்றார்?" என்று டாக்டர் ராஜதுரையைக் கேட்டார்.

அடுத்து நடந்த பேச்சு காசிக்குக் கேட்கவில்லை. அவனுக்குப் பதிலாக நாமாவது கேட்டு வைத்துக்கொள்வோம்.

"எல்லாரும் சேந்து சதி பண்ணுதாவன்னு சொல்லுதான் சார். அவுக அம்மாவ ஒளிச்சி வச்சிருக்காவளாம்."

"அம்மா தவறிட்டாங்கன்னு அட்டையில இருக்கே."

"ஆமா சார். அது இவனுக்குத் தெரியாது. சொன்னா தாங்க மாட்டாம்னு வீட்ல சொல்லல."

டாக்டரின் பேனா நின்றது. நியாயமாகப் பார்த்தால் வைத்தியம் அந்த இடத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் வாசல் பக்கம் பார்த்தார். வரிசை இன்னும் நீண்டிருந்தது.

"காதுல யாரோ பேசற மாதிரி கேக்குதான்னு கேளுங்க."

"அவனுக்குத்தான் காதே கேக்காதே சார்."

டாக்டர் லேசாகக் கூச்சப்பட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். காசியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் முகத்தை அவர் பார்த்தது அப்போதுதான். "இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். முதல்ல மாத்திரை சாப்பிடட்டும். மனசு ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார். யார் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, ராஜதுரையும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் காசி அவன் கையைப் பிடித்து இழுத்தான். 'என்ன சொன்னாரு?'

'ஒடம்புல சத்து இல்லையாம். மாத்திர தின்னா தூக்கம் வருமாம்.'

'அம்மா?'

ராஜதுரை வேட்டியை மடித்துக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி மடித்துக் கட்டினான். பிறகு சொன்னான். 'ஆடித் தபசுக்கு வந்துருவா. டாக்டரே கேட்டுட்டாரு.'

காசி நம்பினான். அண்ணன் சொன்னதை நம்பாதவன், அக்காவின் கண்ணீரை நம்பாதவன், இதை நம்பினான். ஏழு வருஷத்தில் ராஜதுரையின் கை அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அவனுக்குத் தெரிந்தவரை. அந்தச் சந்தோஷத்தில் ராஜதுரையைப் பஜாரில் நிறுத்தி அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான். ராஜதுரை வடையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மென்றான்.

மாத்திரையும் அட்டையும் ராஜதுரையிடம்தான் இருந்தன. தினமும் டீயோடு இரண்டு எடுத்துக் கொடுப்பான். தூக்கம் வந்தது. தூக்கத்தோடு வேறு சிலதும் வந்தன. வாயோரம் எச்சில் ஒழுகிற்று. கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. பத்தே நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. நமக்குக் கை நடுங்கினால் டம்ளர் தளும்பும், அவ்வளவுதான். காசிக்குக் கைதான் நாக்கு. ஒன்று சொல்லப் போய் வேறொன்று வந்தது. அறுந்த இழையைப் பிணைக்க நாலு தடவை முயல வேண்டியிருந்தது. அம்மா என்று சொல்ல விரலைத் தூக்கினால் அது மூக்குக்குப் போகாமல் கன்னத்தில் போய் நின்றது. முதலாளியின் நடையை ஒரு நாள் நடந்து காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அது இன்னதென்று விளங்கவில்லை. ராஜதுரை அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இருந்தும் மறுநாள் டீயோடு மாத்திரையை நீட்டினான்.

'எப்பமாம்?' என்று காசி தினமும் கேட்டான். ராஜதுரை விரல் விட்டுக் காட்டுவான். இன்னும் பதினைந்து நாள், இன்னும் பத்து நாள், இன்னும் மூன்று நாள்.

கோமதி அம்மன் தபசுத் திருவிழா அன்றைக்கு ஷெட்டு லீவு. விடிந்ததும் காசி குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். ரத வீதி முழுக்கத் தலை. பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கிற்று. பருத்தியும் வத்தலும் முடிந்த துணியோடு கிராமத்துச் சனங்கள், அம்மன் சப்பரத்தில் எறிய எடுத்து வந்தவர்கள், அவனை இடித்துக்கொண்டு போனார்கள். மேலநீலிதநல்லூர் போர்டு போட்ட ஒவ்வொரு பஸ்ஸின் படியிலும் கடைசி ஆள் இறங்குகிறவரை அவன் நின்று பார்த்தான். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட கிழவிகள் நிறையப் பேர் இறங்கினார்கள். சிவகிரி பஸ்ஸையும் வாசுதேவநல்லூர் பஸ்ஸையும் பார்த்தான், எந்தப் பொய் உண்மையாக இருந்துவிடுமோ தெரியாதே. சாயங்காலம் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுத்தார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. காசி பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஷெட்டு ஓடிற்று. ராஜதுரையின் தறியில் பாவு நூல் மொத்தமாக அறுந்து, அவன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். டீ வந்தது. அவனைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று காசியே போய், ஆணியில் தொங்கிய ராஜதுரையின் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். மாத்திரையைச் சுற்றி அட்டை மடித்திருந்தது. எழுத்தைக் கண்டால் படிக்கிற பழக்கம் அவனுக்கு. பொட்டலப் பேப்பரைப் படிக்கிறவன் தன் பெயர் எழுதிய அட்டையைப் படிக்கமாட்டானா? இது ராஜதுரையின் புத்திக்கு எட்டவில்லை பாருங்கள்.

பெயர் காசி, வயது இருபத்தேழு, காது கேளாது, வாய் பேசாது. தகப்பனார் இல்லை. தாயார் இல்லை, காலமாகி நாற்பது நாள். அதற்குக் கீழே, தொந்தரவு என்று போட்டு, வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: சந்தேகம். தாயாரை எல்லாரும் ஒளித்து வைத்திருப்பதாக நம்புகிறார்.

காசி மூன்று தடவை படித்தான். தாயார் இல்லை என்பதைவிட, அதற்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் ராஜதுரையின் தோளைத் தொட்டு, அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ராஜதுரை நிமிர்ந்தான். அட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த இழையை விட்டுவிட்டான். காசி அட்டையைத் தறிமேல் வைத்துவிட்டு, நடுங்குகிற கையால் கேட்டான். நெஞ்சைத் தொடாமல், அம்மா செய்வதுபோலப் பத்து விரலையும் மேலே நெளியவிட்டு. 'யாரு தீ வச்சா?'

'அண்ணன்.'

'நீ போனியா?'

'போனேன்.'

'என்னைக்கி?'

ராஜதுரைக்குக் கை எழவில்லை. காசி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். சொல்லு என்றான். ராஜதுரை பக்கத்துத் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவைக் காட்டினான். 'நாடா வாங்கப் போறேன்னு சொன்னேம்லா. அன்னைக்கி.'

காசி அந்த நாடாவைப் பார்த்தான். இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. தன் தறி இரண்டையும் பார்த்தான், ராஜதுரையின் தறி இரண்டையும் பார்த்தான். பிறகு மெதுவாக, நடுக்கத்தில் ஒரு விரல்கூடத் தப்பிவிடக் கூடாது என்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். 'அன்னைக்கி ஒன் தறிய நாந்தான் ஓட்டுனேன்.'

ஷெட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேருக்கும் கைப்பாஷை தெரியும், அதில் பாதியைக் கற்றுக்கொடுத்தவனே காசிதான். ஒருவரும் விளங்காததுபோல் நடிக்க முடியவில்லை. பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜதுரை, 'நீ தாங்க மாட்டேன்னுதான்' என்று ஆரம்பித்தான். காசி அதற்குள் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தான்.

கோவில் மண்டபத்துக்குப் பின்னால் மரத்தடியில் சவரம் பண்ணுகிறவரிடம் போய் உட்கார்ந்தான். தலையைக் காட்டினான், மீசையையும் காட்டினான். மீசையையும் எடுக்கச் சொன்னதும் அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு என்று முகத்தால் கேட்டார். காசி மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தான். அது கன்னத்துக்கு நழுவிற்று. பிடித்து இழுத்து மறுபடி மூக்கில் வைத்தான். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் மாடத்தி செத்ததைக் காசி தன் கையால் சொன்ன முதல் ஆள் அவர்தான். குளித்துவிட்டு அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தான். கடைசி வெள்ளிக்கிழமை அவள் கொடுத்துவிட்டுப் போன புற்றுமண் காகிதத்தில் மடித்துக் கிடந்தது. எச்சிலில் குழைத்துத் தானே இரண்டு காதுக்குப் பின்னாலும் தடவிக்கொண்டான். இந்தத் தடவை கழுவவில்லை. அன்றோடு மாத்திரையையும் நிறுத்தினான்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை முகாமுக்குத் தனியாகப் போய் வரிசையில் நின்றான். தன் முறை வந்ததும் உள்ளே போய், அட்டையை டாக்டர் முன்னால் திருப்பி வைத்தான். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தான். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது.

"எங்க அம்மா செத்தது எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியும். நீங்களும் சொல்லவில்லை. ஒளித்து வைத்தார்கள் என்று நான் சொன்னது சரி. எனக்கு என்ன வியாதி?"

டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மொட்டைத் தலையையும் மீசை இல்லாத முகத்தையும் காதோரம் காய்ந்திருந்த மண்ணையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். முகம் சுருங்கிப்போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தவர், வாசலில் ராஜதுரை நிற்பதைக் கண்டதும் மூச்சு வந்தவர்போல் ஆனார். ராஜதுரை காசிக்குப் பின்னாலேயே வந்து வெளியில் நின்றுகொண்டிருந்தான்.

"நல்லவேளை, வாங்க வாங்க. இவர்ட்ட சொல்லுங்க. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க. இவருக்கு ஒரு வியாதியும் இல்லை, துக்கம்தான், அதுக்கு அழணும், அவ்வளவுதான்னு சொல்லுங்க."

இதைக் கேட்கத்தான் காசி வந்திருந்தான். ஒரு வார்த்தை விடாமல் இதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. ராஜதுரை அவன் எதிரே வந்து நின்றான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினான்.

காசி அந்தக் கைகளைப் பார்த்தான். நாடா கிடைக்கவில்லை என்று விரித்த கைகள். தபசுக்கு வந்துவிடுவாள் என்று சொன்ன கைகள். பதினைந்து, பத்து, மூன்று என்று விரல் விட்டுக் காட்டிய கைகள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜதுரை அவன் முழங்காலைத் தொட்டான். தோளைப் பிடித்து அசைத்தான். காசி கண்ணைத் திறக்கவில்லை. மேஜையில் கிடந்த அட்டையில், அவன் எழுதியதற்குக் கீழே பாதி இடம் காலியாக இருந்தது. டாக்டரின் கையில் பேனாவும் இருந்தது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அவர் ராஜதுரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.